குரோருட்டில் பாதியில் முடிந்த உபவாச ஜெபம்

2006 மே மாதம் பத்து நாள் ஒஸ்லோவில் இருந்தேன். ஊர் சுற்றிப் பார்க்கவென்று போகவில்லை. பாளையங்கோட்டையில் அம்மாவுக்கு ஒரே கவலை. "அங்க யாருமே கோயிலுக்குப் போறதில்லையாமே, இவரு எங்க போயி சபை நடத்துவாரு?" இவர் என்றால் என் தங்கை ஜெசியின் கணவர் தேவராஜன். யாழ்ப்பாணத்துக்காரர். வார நாட்களில் பஸ் ஓட்டுகிறார், ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர். நேரில் பார்த்துவிட்டு வந்து சொல் என்று அம்மா என்னை அனுப்பி வைத்தார்.

விமான நிலையம் நகரிலிருந்து ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். ஒஸ்லோவின் நடுவிலிருந்து அவர்கள் வசிக்கும் குரோருட்டுக்கு மெட்ரோவில் இருபது நிமிடம், டிக்கெட் இருபது குரோனர். அதை ஏழால் பெருக்கி ரூபாயாக்கிப் பார்த்தால் எங்கேயும் போக மனசு வராது. பெருக்குவதை முதல் நாளே விட்டுவிடுங்கள். ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடையில், மேட்டின் மேல் அவர்களுடைய அடுக்குமாடிக் குடியிருப்பு.

சபை கூடுவது அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், குடியிருப்போருக்குப் பொதுவான ஹாலில். பதினாலு பேர், எல்லோரும் தமிழர். பக்கத்து வீட்டு நோர்வேக்காரர்களும் வரவேண்டும் என்று பாதி ஆராதனையை நோர்வே மொழியில்தான் நடத்துகிறார்கள். ஆறு மாதத்தில் ஒருவர்கூட வரவில்லை. எதிர்ப்பெல்லாம் இல்லை. நோட்டீஸை வாங்கி, நன்றி சொல்லி, சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நம்ம ஊரில் சண்டைக்காவது வருவார்கள். குடியிருப்பின் நிர்வாகக் குழு ஹாலைக் கொடுத்ததே ஆறு மாதத்துக்குச் சோதனை முறையில்தான். நான் அங்கே இருந்தபோது வந்த செவ்வாய்க்கிழமை அவர்கள் கூடி, தொடரலாமா வேண்டாமா என்று முடிவு செய்வதாக இருந்தது. வேண்டாம் என்றால் சபைக்கு வேறு இடம் கிடையாது.

அதற்காகச் சனிக்கிழமை உபவாச ஜெபம் வைத்தார்கள். காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை. நானும் மாட்டிக்கொண்டேன். பதினோரு மணிக்கே என் வயிறு தனியாக ஜெபிக்கத் தொடங்கிவிட்டது. ஹாலின் ஜன்னல் தரைமட்டத்தில் இருப்பதால், வெளியே போவோர் வருவோரின் கால்கள் மட்டும்தான் தெரியும். அன்றைக்கு ஏகப்பட்ட ரப்பர் பூட்ஸ்கள், கூடவே விளக்குமாறுகள். என்னவென்று பார்க்க மெல்ல நழுவினேன்.

வெளியே குடியிருப்பே திரண்டு நின்று வளாகத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தது. குளிர்காலத்தில் வழுக்காமல் இருக்கத் தூவிய சரளைக் கற்களை, பனி உருகியதும் எல்லோரும் சேர்ந்து கூட்டி அள்ளுகிறார்கள். டுக்னாட் என்று அதற்குப் பெயர். எல்லோரும் வாருங்கள் என்று மூன்று வாரமாக வாசலில் அறிவிப்பு தொங்குகிறதாம். குழுவின் தலைவி பியோர்க், எழுபது வயது இருக்கும், விளக்குமாறை ஊன்றி நின்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்: "உள்ளே இருப்பவர்களுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே? ஒருவரையும் காணோமே."

எனக்குக் கூச்சமாகிவிட்டது. உள்ளே போய் தேவராஜனின் காதில் சொன்னேன். அறிவிப்பை அவர் பார்த்திருந்தார். ஜெபம் என்றால் விளங்கிக்கொள்வார்கள் என்று நினைத்துவிட்டாராம். எழுந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"மச்சான், நாங்கள் ஆறு மாசமா இந்தச் சனம் உள்ளை வரவேணும் எண்டு ஜெபிக்கிறம். அவை மூண்டு கிழமையா எங்களை வெளியிலை வரச்சொல்லி வாசல்லை எழுதிப் போட்டிருக்கினம்."

"அப்ப ஜெபம்?" என்றார் மட்டக்களப்பு ஞானம் அக்கா. சபையில் அவர்தான் கண்டிப்பானவர்.

"கூட்டிக்கொண்டே ஜெபிப்பம், அக்கா."

மூன்று மணி வரை சரளை அள்ளினோம். இடுப்பு கழன்றுவிட்டது. முடிந்ததும் வழக்கப்படி பொது மேஜையில் காப்பியும் வாஃபிளும் வைத்தார்கள். பதினாலு பேரும் பாஸ்டரின் முகத்தைப் பார்த்தார்கள். ஆறு மணிக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. பியோர்க் ஒரு தட்டை நேராக ஞானம் அக்காவிடமே நீட்டினார். அக்கா ஒரு நொடி கண்ணை மூடினார். "ஆண்டவருக்கு விளங்கும்" என்று சொல்லி வாங்கிக்கொண்டார். அதன் பிறகு நான் சாப்பிட்ட வாஃபிள்களை எண்ணவில்லை.

மறுநாள் ஆராதனைக்கு பியோர்க் வந்தார். தனக்கு நம்பிக்கை எதுவும் கிடையாது, ஜன்னலுக்குள் என்னதான் நடக்கிறது என்று பார்க்க வந்ததாகச் சொன்னார். கோட்டைக் கழற்றாமல் கதவோரமாக உட்கார்ந்து, கடைசிவரை இருந்தார். தேவராஜனுக்குப் பிரசங்கத்தில் இரண்டு முறை நாக்குத் தடுமாறியது. செவ்வாய்க்கிழமை குழு இன்னும் ஓராண்டுக்கு ஹாலைக் கொடுத்தது. ஜெசி அழுதுவிட்டாள்.

மே மாதம் போகிறவர்களுக்கு: ஸ்வெட்டர் வேண்டும், குடையும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் திறப்பதில்லை, சனிக்கிழமையே அரிசி வாங்கி வையுங்கள். உறவினர் வீட்டில் தங்கினால், முதலில் வாசல் அறிவிப்பை யாரையாவது வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். முரட்டுக் கையுறை ஒரு ஜோடி கொண்டுபோங்கள். என் கையில் மூன்று கொப்புளம்.

சபை வளருமா என்று அம்மா கேட்டார். தெரியாது என்றேன். ஞாயிறுதோறும் வந்தாலும், பியோர்க் இன்னும் நம்பவில்லை என்றுதான் சொல்கிறாராம். ஆனால் போன ஞாயிறு அவரைக் காணவில்லை என்று, ஆராதனை முடிந்த கையோடு ஞானம் அக்கா மூன்று மாடி ஏறிப் போய்க் கதவைத் தட்டியிருக்கிறார், உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்க.