ஆள் உட்கார இடமில்லாத குழாய்

கூடலூரில், குமுளி ரோட்டோரம், சப்மெர்சிபிள் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் பட்டறை எங்களுடையது. காயில் கட்டுவது என் மனைவி மகேஸ்வரி. ஃபிட்டர் முருகன். நான் மற்றதெல்லாம். கடல் என்றால் டிவியில் பார்த்ததோடு சரி. அந்தக் கடல் ஒருநாள் ஜீப்பில் மலையிறங்கி எங்கள் வாசலுக்கே வந்துவிட்டது.

1. வந்த சாமான்

தார்ப்பாயை விலக்கினால் சாம்பல் நிறத்தில் ஒரு நீளக் குழாய். பின்னால் விசிறி. கூலிங் கிளாஸ் போட்டவர் மலையாளம் கலந்து பேசினார்.

"ஏரி ஆழம் அளக்குற மெஷின் சேட்டா. ஷாஃப்ட் சீல் லீக். மாத்தித் தந்தா மதி, அது போதும். சாயங்காலம் வர்றேன்."

"கடக்கரைப் பக்கம் இதுக்கு ஆளில்லையா?"

"அங்க கேள்வி ஜாஸ்தி."

சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

2. அடிவயிறு

சீல் மாற்றுவது எங்களுக்குப் பழகின வேலை. பின்மூடியைக் கழற்றியபோது மகேஸ்வரி டார்ச் அடித்து எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, இதுல ஆளு எங்கன உக்காருவாக?"

"ஆளில்லாம ஓடுறது. ரிமோட்டு."

"அப்ப இம்புட்டுக் காலி இடம் எதுக்கு? பெல்ட்டு வேற கெடக்கு. ஏரியவா கட்டித் தூக்கிட்டுப் போவாக?"

குனிந்தேன். அடியில் ஒரு வால்வு. வெளித் தண்ணீரை உள்ளே விடும் வால்வு; அதன் வயர் கண்ட்ரோல் போர்டுக்குப் போனது. தண்ணீர் புகாமல் அடைப்பதே என் தொழில். இங்கே ஒருவன் தண்ணீரைக் கூப்பிட ஒரு வாய் வைத்திருக்கிறான். பிடிபடும் நேரம் தானாகவே மூழ்கிவிடும். சரக்கும் போகும், தடயமும் போகும்.

"கடத்தலுக்குங்க," என்றாள், உதடு மட்டும் அசைய.

அதில் மாட்டிக்கொள்ள ஆளே இல்லை. அதைத் தொட்டவர்கள் என்று இருப்பது நாங்கள்தான். ஒன்றும் பார்க்காதது மாதிரி கொடுத்தனுப்பிவிடுவோம் என்று பேசிக்கொண்டோம்.

3. முருகன் செய்த வேலை

ஜீப் வந்தது.

"உள்ள திறந்து நோக்கியோ?" கண்ணாடியைக் கழற்றாமலே கேட்டார்.

"இல்ல சார். சீல் மட்டும்தான்."

முருகன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "சுத்தமாத் தண்ணி ரொப்பி மூடிட்டேன் சார். ஒரு பொட்டுக் காத்து கெடையாது."

போர்வெல் மோட்டாரைத் தண்ணீர் நிரப்பாமல் இறக்கினால் கருகிவிடும். நிரப்பாமல் மூடினால் எங்களுக்குக் கையே ஓடாது.

"ஏலே, எங்கன ஊத்துன?"

"முன்பக்க நட்டக் கழட்டித்தாண்ணே."

முன்பக்கம் பேட்டரி இருக்கும் அறை.

கூலிங் கிளாஸ்காரர் முகம் வெளிறிப்போனது. குழாய்க்குள் ஏதோ சீறியது. அவர் ஜீப்புக்கு ஓடினார். அந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் நாங்களும் ஓடினோம். ரோட்டைத் தாண்டும்போது முதுகில் அனல் அடித்தது. திரும்பினால் பட்டறைத் தகரம் நெருப்புக்குள் சுருண்டுகொண்டிருந்தது.

4. பிறகு

போலீஸ் ஸ்டேஷனில் எல்லாவற்றையும் சொன்னேன். ஜீப் சிக்கவில்லை.

"நான் ரொப்புனது தப்பாக்கா?" முருகன் மகேஸ்வரியிடம் அழுதான்.

"போடா. இல்லாட்டி நாமளே தூக்கி ஜீப்புல ஏத்திவிட்டிருப்போம்."

தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான்: எந்த மெஷின் வந்தாலும், ஆள் எங்கே உட்காருவார் என்று முதலில் கேளுங்கள். இடமில்லை என்றால், அதை ஓட்டுகிறவன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் அவர் சிரித்தால் நீங்கள் சிரிக்காதீர்கள்.

புதுத் தகரம் போட்டாயிற்று. எங்கள் ரோட்டில் ஜீப் ஓய்வதில்லை. வாசலருகே ஒன்று வேகம் குறைத்தால், மகேஸ்வரியின் கையில் காயில் சுற்று நின்றுவிடும். ஜீப் கடந்த பிறகுதான் அடுத்த சுற்று.