சோயா வராத இரண்டு மாதம்

என் நாத்தனார் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. இந்த வீட்டுக்கு நான் வந்து பதினாறு வருடமாகிறது. மூன்று வேளையும் தட்டை இடது கையில் ஏந்தி, பின்கதவில் சாய்ந்து நின்றபடிதான் சாப்பிடுவார். ஒரு காது எப்போதும் கொட்டகைப் பக்கம் இருக்கும். "உட்காருங்க அண்ணி" என்று முதல் வருடம் சொல்லிப் பார்த்தேன். "உட்கார்ந்தா எழுந்திருக்க மனசு வராதும்மா" என்றார். அதற்குப் பிறகு நான் சொல்லவில்லை.

கொட்டகையில் நாற்பது கூண்டுகள். முயல்களும் இடமும் என் கணவரின் அண்ணனுடையவை. வீட்டில் அவரைப் பெரியவர் என்போம். தன் கணவர் இறந்து, ஐந்து வயது மகளோடு அண்ணி பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தபோது, "சும்மா இருந்தா கவலைதான் வரும், இதைப் பாத்துக்க" என்று பெரியவர் கொட்டகைச் சாவியைக் கொடுத்தாராம். கவலை போயிற்றோ இல்லையோ, சாவி இடுப்பிலேயே தங்கிவிட்டது. தெருவில் அவருக்கு முயலம்மா என்று பெயர்.

மகள் வளர்ந்து வேறு ஊரில் வேலைக்குப் போனாள், தனி அறை எடுத்தாள். மூன்று வருடமாக அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அண்ணிக்கும் போக ஆசைதான். பெரியவரும் ஒருநாளும் மறுத்ததில்லை. "தாராளமாப் போ. இந்த ஈத்துக் குட்டிங்க வித்து முடியட்டும்" என்பார். அந்த ஈற்று விற்பதற்குள் அடுத்த ஈற்று பிறந்து கண் திறந்திருக்கும்.

"எங்க அண்ணன் பிடிச்ச முயலுக்கு மூணே கால்" என்று அண்ணி என்னிடம் சிரிப்பார். "ஆனா நாலு காலுள்ளதுக்கெல்லாம் தீனி வைக்கிறது நான்."

போன வருடம் சோயாப் புண்ணாக்கு வருவது நின்றது. தீவனக் கடைக்காரர் கையை விரித்துவிட்டார். பால் மறந்த குட்டிகளுக்கு, ஐந்தாவது வாரத்திலிருந்து விற்கும்வரை, சதை பிடிப்பது சோயாவால்தான். தவிடும் புல்லும் வயிற்றை நிரப்பும், வளர்த்தி தராது. பெரியவர் இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னார்.

"வேற எதையாவது போட்டுப் பாரு. பதினாலு வாரத்துல ரெண்டு கிலோ வந்தா சரி. வரலைன்னா இந்த ஈத்தோட கடையைக் கட்டிடலாம். கூண்டைப் பழைய இரும்புக்குப் போட்டுடறேன். நீயும் உன் பொண்ணுகிட்டப் போயிடு."

அண்ணி தலையை மட்டும் ஆட்டினார்.

போனை ஸ்பீக்கரில் போட்டு மகளிடம் சொன்னபோது நான் பக்கத்தில் புல் நறுக்கிக்கொண்டிருந்தேன். "அம்மா, இது தானா வந்த வழி. நீ ஒண்ணும் செய்யாதே, அது போதும். இங்க ஒரு விடுதிச் சமையல்கட்டுல உனக்கு இடம் சொல்லி வச்சிருக்கேன். ரெண்டு மாசம் காத்திருப்பாங்க."

"ஒண்ணும் செய்யாம இருக்கறதுதான்டி எனக்குத் தெரியாத வேலை."

ஆனாலும் சும்மா இருக்க முயன்றார். சோயா போட்ட அளவுக்குச் சூரியகாந்திப் புண்ணாக்கை அள்ளிப் போட்டு, அதோடு விட்டுவிட்டார். அது மட்டும் குட்டிகளுக்குப் போதாது என்று அவருக்குத் தெரியும். முன்பு ஒரு மழைக்காலத்தில் இதையே போட்டுக் குட்டிகள் தேங்கிப்போனதை நாங்கள் இரண்டு பேரும் பார்த்திருக்கிறோம். நான் பெரியவரிடம் வாய் திறக்கவில்லை. அவரும் என்னைக் கேட்கவில்லை.

ஞாயிறுதோறும் குட்டிகளைத் துணிப்பையில் போட்டுத் தராசில் தொங்கவிடுவோம். இரண்டாவது ஞாயிறு பெரியவர் முள்ளைக் குனிந்து பார்த்தார். "என்ன இது, போன வாரக் கணக்கையே திருப்பிக் காட்டுதா இந்தத் தராசு?"

"அவ்வளவுதாண்ணே வருது" என்றார் அண்ணி. அன்று மாலை பரணிலிருந்து பழைய பயணப் பையை இறக்கித் துவைத்துக் காயப்போட்டார்.

மூன்றாவது வாரம், காலையில் கொட்டகையைப் பெருக்கப் போனேன். அண்ணி ஒரு சாம்பல் நிறக் குட்டியை மடியில் வைத்து, கட்டைவிரலால் முதுகை நீவிக்கொண்டிருந்தார். அது அவர் முந்தானையைக் கொறித்தது.

"பாரு, முதுகெலும்பு சீப்பு மாதிரி நிக்குது."

நான் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தேன்.

"ஆடுன்னா கத்தி ஊரைக் கூட்டும். இதுங்களுக்குப் பசிச்சா கத்தக்கூடத் தெரியாது. இதுங்க வயித்துல அடிச்சுத்தானா நான் வழி தேடணும்?"

"இன்னும் ஆறு வாரம்தான் அண்ணி."

"இதுங்க ஆயுசே பதினாலு வாரம். அதுல ஆறு வாரம் அரைப்பட்டினியா?"

அன்றைக்கே மதிலோரத்தில் நின்ற, பட்டுப்புழு தின்னும் முசுக்கொட்டை மரத்தில் கிளை ஒடித்தார். கட்டுக்கட்டாக நிழலில் தொங்கவிட்டு, இலை நொறுங்கும் பதம் வந்ததும் உருவினார். காராமணியை வேகவைத்து, உலர்த்தி, உடைத்தார். பச்சையாகக் கொடுத்தால் குட்டிகளுக்கு வயிறு கெடும். இரண்டையும் சூரியகாந்திப் புண்ணாக்கோடு சேர்த்தார். தீனியை ஒரே நாளில் மாற்றினால் கழிச்சல் கண்டு கும்பலாகச் சாகும் என்பதால், முதல் நாள் ஒரு பிடி, மறுநாள் இரண்டு பிடி என்று எட்டு நாளில் முழு அளவுக்குக் கொண்டுவந்தார். இதெல்லாம் அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

நான்கு வாரத்தில் முடி பளபளத்தது. குட்டிகள் கூண்டுக்குள் துள்ளின. பதினாலாவது வார ஞாயிறு, ஏழெட்டுக் குட்டிகளைத் தவிர எல்லாம் இரண்டு கிலோவைத் தொட்டன.

"சோயாவே வேண்டாம் போலிருக்கே! உன் கைராசி யாருக்கு வரும்?" என்று பெரியவர் தொடையில் தட்டிக்கொண்டார். அங்கேயே நின்று, போனில் இருபது புதுக் கூண்டுகளுக்குச் சொன்னார். அண்ணி தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மதியம் மகள் கூப்பிட்டாள். "எடை வரலைதானே?"

"வந்துடுச்சு."

"எப்படிம்மா வரும்?"

"நான்தான் வர வச்சேன்."

"மாமாவுக்குப் பயந்தா?"

"அவருக்கு என்னடி பயம்? குட்டிங்க இளைச்சுப்போச்சு. பார்த்துட்டு இருக்க முடியலை."

"நானும் முயலாப் பொறந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு மகள் போனை வைத்துவிட்டாள். அண்ணி போனை என் கையில் கொடுத்தார். துவைத்து வைத்த பயணப் பையில் முசுக்கொட்டைச் சருகை அடைத்து, வாயைக் கட்டி மூலையில் வைத்தார்.

இப்போது கொட்டகையில் அறுபது கூண்டுகள் இருக்கின்றன. கடையில் சோயா மறுபடியும் கிடைக்கிறது, எங்கள் வீட்டில் யாரும் வாங்குவதில்லை. விடுதி வேலைக்கு வேறு ஒரு பெண் சேர்ந்துவிட்டார். மகள் மாதம் ஒருமுறை பேசுகிறாள், வரச்சொல்லிக் கேட்பதில்லை. பெரியவர் இன்னும், இந்த ஈற்று முடியட்டும் என்றுதான் சொல்கிறார். அண்ணிக்கு ஐம்பத்திரண்டு வயதாகிறது.