கால் மாத்திரைப் பொறாமை

சிராங்கூன் சாலையைக் கடக்கும் இடத்தில் ஒரு சின்னப் பெட்டி உண்டு. முதியவர்கள் தங்கள் அட்டையை அதில் ஒற்றினால், நடப்பவர்களுக்கான சிக்னலில் பச்சை மனிதன் இன்னும் சில விநாடிகள் கூடுதலாக எரிவான். எனக்கு வயது முப்பத்தெட்டு. போன வருடம் முழுக்க, அட்டையை ஒற்றிவிட்டு ஆற அமர நடக்கும் கிழவர்களைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. அவர்கள் கேட்டால் நேரம் கிடைத்தது. எனக்கோ, எண்கள் இறங்கத் தொடங்கியதும் நெஞ்சு அடித்துக்கொள்ளும், கால் பின்னும். பதற்றத்துக்காக நான்கு வருடம் சாப்பிட்டுவந்த மாத்திரையை அப்போது நான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டிருந்தேன்.

ஜாலான் புசாரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை பொருத்துவது என் வேலை. கடுகளவு திருகாணிகளை முடுக்க வேண்டும். கை நடுங்கினால் வேலை போகும், வேலை போனால் இந்த நாட்டில் இருப்பதற்கான பெர்மிட் போகும். அதனால் கடையில் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஊரிலும் சொல்ல முடியாது. திண்டுக்கல்லில் என் சித்தி மகள் இதே மாதிரி மாத்திரை சாப்பிட்டாள். மாப்பிள்ளை வீட்டாருக்கு அது தெரிந்து நிச்சயம் நின்றுபோனது. “நம்ம வீட்டுல அப்படி யாரும் இல்ல, சாமி புண்ணியம்” என்று அன்றைக்கு அம்மா சொன்னாள். மணவாழ்க்கை முறிந்து நான் தனியாக இங்கே வந்தபிறகு, அந்தச் சாமி புண்ணியம் என்னோடு விமானம் ஏறவில்லை. தொலைபேசியில் அம்மா என்ன மாத்திரை என்று கேட்கும்போதெல்லாம் அது சத்து மாத்திரை என்றே சொல்லிவந்தேன்.

ஷர்மிளாவை மருத்துவமனைக் காத்திருப்புக் கூடத்தில் சந்தித்தேன். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், தொடக்கப்பள்ளியில் வேலை. என்னைப்போலவே அவளும் மாத்திரையை விடப் பார்த்தாள். ஆனால் அவள் தனியாக வருவதே இல்லை. ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் தம்பி, நடுவில் மைலோ ஃபிளாஸ்க். “இன்னைக்கு டாக்டர் மறுபடி குறைக்கச் சொல்வாராம்லா” என்று அந்த அம்மா பக்கத்து நாற்காலிக்காரரிடம் சத்தமாகச் சொல்வார். மகளுக்குப் பரீட்சை முடிவு வந்ததுபோல அத்தனை சாதாரணமாக. கையிலிருந்த வரிசைச் சீட்டை மடித்துக்கொண்டே நினைப்பேன், இப்படிச் சொல்லிக்கொள்ள ஒரு வாய் எனக்கில்லையே என்று.

எனக்குப் பிறகு தொடங்கியவள் என்னை முந்தினாள். நான் அரை மாத்திரையில் நிற்கும்போது அவள் கால் மாத்திரைக்கு வந்துவிட்டதாகச் செய்தி அனுப்பினாள், மூன்று சிரிக்கும் முகங்களோடு. “வாழ்த்துகள்” என்று பதில் போட்டுவிட்டுக் கைப்பேசியைக் கட்டிலில் எறிந்தேன். அவசரம் வேண்டாம், நீங்களாக எதையும் வெட்டாதீர்கள் என்று என் மருத்துவர் இரண்டு முறை சொல்லியிருந்தார். “கேன்?” என்று, முடியுமா என்பதற்கான இந்த ஊர் ஆங்கிலத்தில் கேட்டார், நானும் “கேன்” என்றுதான் தலையாட்டினேன். அன்று மாலையே அரையைக் காலாக வெட்டினேன். நான்கே நாளில் அந்தக் கால் மாத்திரையையும் விட்டேன். அவளை முந்திவிட்டேன் என்ற நினைப்பு இரண்டு நாள் இனித்தது.

மூன்றாம் நாள் பக்கத்து இரும்புக் கடையில் தகடு இறக்கும் சத்தம் என் பல்லுக்குள் கேட்டது. தோலுக்கடியில் எறும்பு ஊர்ந்தது. திருப்புளி விரலில் நிற்கவில்லை. கண்ணாடிச் சட்டம் சரிசெய்ய வந்திருந்த சீனப் பெரியவர் என் கையையே பார்த்தார். “யூ கோல்ட் ஆ?” என்றார். “யெஸ், யெஸ், கோல்ட்” என்றேன். அவர் முதலாளி அம்மாவிடம் மாண்டரினில் ஏதோ சொல்ல, அந்தம்மா பரிவோடு கடையைக் குளிரவைக்கும் ஏர்கானை அணைத்தார். அன்று மதியம்வரை கடையே வியர்த்தது. குளிரால்தான் நான் நடுங்குகிறேன் என்று நம்பிய அந்த நல்ல மனிதர்கள் எனக்காக விசிறிக்கொண்டிருந்தார்கள்.

மதிய உணவு நேரத்தில் தேக்கா மார்க்கெட்டுக்குள் போனேன். மீன் வெட்டும் கத்தி ஒவ்வொரு முறை கட்டையில் விழும்போதும் தரை சாய்ந்தது. வாழைப்பழக் கடை ஓரமாக அப்படியே குந்திவிட்டேன். கடைக்காரர் தண்ணீர் கொடுத்து, “யாருக்காச்சும் போன் போடவாம்மா?” என்று கேட்டார். யாருக்கு? இந்த நாட்டில் என் மாத்திரையைப் பற்றி அறிந்தவள் ஒருத்திதான். நான் தோற்கடிக்க நினைத்தவள்.

பள்ளி விடுமுறை என்பதால் ஷர்மிளா வீட்டில் இருந்தாள். அம்மாவோடு டாக்சியில் வந்தாள். அந்த அம்மா கடைக்காரரிடம் தண்ணீர் வாங்கி, தன் துப்பட்டாவை நனைத்து என் முகத்தையும் கழுத்தையும் துடைத்தார். வண்டியில் போகும்போது, ஷர்மிளாவை முந்த நானாகவே மாத்திரையை விட்ட உண்மையைச் சொன்னேன். ஷர்மிளா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அக்கா, நான் கால் மாத்திரைல இல்ல. ரெண்டே நாள்ல முடியாமப் போயி, டாக்டர் திரும்ப அரைக்கு ஏத்திட்டாரு. உங்ககிட்ட சொல்லல.”

முதலில் எனக்கு வந்தது மகிழ்ச்சி. மறைக்க விரும்பவில்லை. அவள் கண் கலங்கியிருக்க, என் நடுக்கத்துக்கு நடுவிலும் உள்ளே ஒரு தித்திப்பு ஓடியது. அவள் அடுத்துச் சொன்னதுதான் அதை நிறுத்தியது.

“நீங்க தனியா செய்றீங்க. நான் அம்மா கையப் பிடிச்சிக்கிட்டும் வழுக்கி விழறேன். உங்கள நெனச்சாலே எரிச்சலா வரும் லா. சாரி.”

“என்கிட்டயா சாரி சொல்ற?” என்றேன்.

நேராக மருத்துவரிடம் அழைத்துப்போனார்கள். அவர் திட்டவில்லை, இப்படித் திடீரென்று நிறுத்துவது ஆபத்து என்று மட்டும் சொல்லி, என்னைப் பழைய அரைக்கே ஏற்றினார். மறுபடி காலுக்கு இறங்கப் பல மாதங்கள் ஆயின. இடையில் முதலாளி அம்மாவிடமும் சொன்னேன். “வொய் நெவர் சே? ஐ திங்க் ஏர்கான்!” என்று முதுகில் தட்டி, கை சரியாகும்வரை என்னைக் கண்ணாடி துடைக்கும் வேலைக்கு மாற்றினார். ஷர்மிளாவும் நானும் இன்று அதே கால் மாத்திரையில் நிற்கிறோம். யார் முதலில் விடுவார்கள் என்று இருவரும் கேட்டுக்கொள்வதில்லை. நினைப்பதில்லை என்று சொன்னால் அது பொய்.

கடைசியாக அம்மாவிடம் சொன்னேன். தேக்காவில் குந்தியது, டாக்சி, முகம் துடைத்தது, எல்லாம். சித்தி மகள் கதையை எடுப்பாள் என்று மனதைக் கெட்டியாக்கிக்கொண்டு காத்திருந்தேன். அவள் கேட்டது வேறு:

“மூஞ்ச தொடச்சி விட்டாங்களே, அவங்கள என்னன்னு கூப்பிடுற?”

“ஆன்ட்டின்னு.”

“ஆன்ட்டிதான?” என்றாள் அம்மா. ‘அம்மா’ என்று கூப்பிடவில்லையே என்று மூச்சு விட்ட மாதிரி இருந்தது. “சரி, சரி. மாத்திரைய டாக்டர் சொன்ன மாதிரி சாப்பிடு.”

இப்போது ஞாயிறுகளில் ஷர்மிளா வீட்டில்தான் எனக்கு மதியச் சாப்பாடு. அம்மா அதே நேரம் பார்த்து வீடியோவில் அழைக்கிறாள். திண்டுக்கல்லில் அப்போது காலை பத்தரை, அவள் இன்னும் இட்லித் தட்டுகூடக் கழுவியிருக்க மாட்டாள். “மீன்ல புளி பத்தாது போலிருக்கே, கலரே இல்ல” என்கிறாள் திரையிலிருந்து. “ஊர்ல நெறைய புளி போடுவாங்களோ?” என்று சிரித்துக்கொண்டே ஆன்ட்டி என் தட்டில் இன்னொரு துண்டை வைக்கிறார். வலது கையால் இந்த வீட்டுச் சோற்றைப் பிசைகிறேன். இடது கையில் கைப்பேசியை, அம்மாவின் முகம் சாய்ந்துவிடாதபடி நிமிர்த்திப் பிடித்திருக்கிறேன். இரண்டு பேரும் ஒரே குரலில், “நல்லா சாப்பிடு” என்கிறார்கள். யாருக்கு முதலில் தலையாட்டுவது என்று தெரியாமல், வாய் நிறையச் சோற்றோடு உட்கார்ந்திருக்கிறேன்.