கையை உருவிக்கொண்ட மந்திரவாதி

நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். ஒற்றைக் கறவை மாட்டில் தொடங்கி, பாப்பிரெட்டிப்பட்டிச் சாலையில் பால் பண்ணை வைத்தேன். தீவனக் கடை வைத்தேன். வெறும் பாறை என்று நாலு பேர் கைவிட்ட பூமியில் கிணறு வெட்டித் தண்ணீர் பார்த்தேன். இந்தப் பொட்டலில் எவன் வந்து கல்யாணம் செய்வான் என்று சிரித்தவர்கள் வீட்டுக் கல்யாணமே இன்று என் மண்டபத்தில்தான் நடக்கிறது. இத்தனைக்கும் மேலே, இந்த வயதில் ஒரு மந்திரவாதியையும் உண்டாக்கியிருக்கிறேன். மற்றதற்கெல்லாம் கல்லில் வெட்டி என் பேர் இருக்கிறது. மந்திரவாதி விஷயத்தில்தான் தகராறு. அவனுக்குச் சொந்தமான பொருள் உலகத்தில் ஒன்றே ஒன்று. மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில், மேசை மேல் மடித்து வைத்திருக்கிற பழுப்பேறிய காசித் துண்டு.

விவரமாகச் சொல்கிறேன். என் மகள் பெங்களூர்க் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறாள். முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுடைய சிநேகிதர்கள் ரயிலேறி பொம்மிடியில் இறங்கி வந்துவிடுவார்கள். பந்தி மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு விளையாட்டு. ஆளுக்கு ஒரு வேஷம் எடுத்துக்கொள்வார்கள். ஒருவன் வீரன், ஒருத்தி திருடி, ஒருவன் மந்திரவாதி. என் மகள்தான் கதையை நடத்துகிறவள். வழியில் வருகிற பூதம், பேய், ராஜா எல்லாம் அவளே. நினைத்தது நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகம் உள்ள ஒரு பகடை சொல்லும். சீட்டாட்டமாக இருந்தால் மண்டபத்தைப் பூட்டியிருப்பேன். இது கதை என்பதால் நானும் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

இந்த மாதிரி விளையாடுகிறவர்களுக்காகப் புதுவிதமான மந்திரவாதிகளைச் சேர்த்துத் தமிழில் ஒரு புத்தகம் போடுவதாக அவர்கள் திட்டம். வந்ததெல்லாம் தாடியும் கோலும்தான். தாடி இல்லாதவனுக்குக் கண்ணில் நெருப்பு. ஒருத்தி, பசித்தால் மட்டும் மந்திரம் பலிக்கிற கிழவியைக் கொண்டு வந்தாள். அது ஒன்று தேவலை. நான் சொன்னேன்: மாடு வாங்கப் போனால் முதலில் குறையைத்தான் பார்ப்போம். குறையே இல்லாத மாடு சந்தைக்கு வராது. உங்கள் மந்திரவாதியால் என்ன முடியும் என்று கேட்காதீர்கள், என்ன முடியாது என்று கேளுங்கள், ஆள் தானாக எழுந்து வருவான்.

"அப்ப நீங்களே ஒருத்தரக் கொண்டாங்கப்பா, பாக்கலாம்" என்றாள் மகள். சும்மா கிண்டலுக்குத்தான் சொன்னாள். எனக்கோ அந்த நிமிஷமே மாட்டுத் தரகர் கண் முன்னால் வந்து நின்றுவிட்டார்.

சந்தையில் மாட்டு விலையை வாயால் பேச மாட்டார்கள். தரகர் ஒரு துண்டை உதறிக் கை மேல் போடுவார். அதற்குள்ளே நம் விரலை அவர் பிடிப்பார், அவர் விரலை நாம் பிடிப்போம். எத்தனை விரல், எந்தக் கணு, அதுதான் விலை. பக்கத்தில் நிற்கிறவனுக்குத் துண்டு அசைவது மட்டும் தெரியும். எங்கள் தரகருக்கு ஆள்காட்டி விரல் பாதிதான். வண்டிச் சக்கரத்தில் போனது. கையைத் தொட்டதுமே இன்னார் என்று தெரிந்துவிடும். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. மாட்டைத் திட்டுவார், மனிதரைத் திட்ட மாட்டார். "வாய் பேசினா வம்பு, வெரல் பேசினா வேவாரம்" என்பார். முகம் எப்படி இருக்கும் என்று கேட்டால், தினம் பார்த்த எனக்கே யோசித்துத்தான் சொல்ல வேண்டும். அப்படி ஒரு முகம்.

எனக்கும் என் அண்ணனுக்கும் அப்போது பேச்சு இல்லை. பொதுக் கிணற்றில் யார் முறைக்கு மோட்டார் போடுவது என்பதில் தொடங்கியது, வருஷக் கணக்கில் போய்விட்டது. அப்பா சாவுக்குக் கூட ஆளுக்கு ஒரு பக்கம் நின்றோம். அந்த நிலையில், அப்பா கன்றிலிருந்து வளர்த்த காளை ஜோடியை அண்ணன் சந்தைக்கு ஓட்டி வந்துவிட்டார். அது வெளியார் கைக்குப் போவதை என்னால் பார்க்க முடியாது. நான் கேட்டால் அவர் விற்க மாட்டார். அவரிடம் போய்க் கேட்க எனக்கு வாய் வராது. தரகரிடம் சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

வாங்குவது நான் என்று அண்ணனிடம் அவர் சொல்லவில்லை. அண்ணன் காளைகளைப் பார்த்து நிற்க, நான் டீக்கடையைப் பார்த்து நிற்க, நடுவில் தரகர். நீளமான துண்டு ஒன்றைத் தன் இரண்டு கை மேலும் போட்டுக்கொண்டார். வலது கையில் அண்ணன் கை, இடது கையில் என் கை. வெகு நேரம் பேரம் நடந்தது. அண்ணன் ஏற்ற, நான் இறக்க, இருவருமே மசியவில்லை. ஒரு கட்டத்தில் என் கையை மெதுவாக நடுவுக்கு இழுத்தார். விரல் மாறியது. நான் தடவிப் பார்க்கிறேன், பாதி விரலைக் காணோம். எல்லாம் முழு விரல். கட்டைவிரல் அடியில் ஒரு தழும்பு. சின்ன வயதில் மாட்டுக்குச் சோளத் தட்டு அறுக்கும்போது என் அரிவாள் பட்டு வந்த தழும்பு அது.

நான் கையை விடவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் தான்தான் விடவில்லை என்று அண்ணன் இன்றைக்கும் சொல்லித் திரிகிறார். திரும்பிப் பார்த்தோம். எங்கள் இரண்டு கை மேலும் துண்டு கிடக்கிறது, நடுவில் ஆள் இல்லை. தரகர் நாலு மாடு தள்ளி, வேறொரு கிடாரிக்குப் பல் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்டா, கை இப்பிடிக் காச்சுப் போயிருக்குது?" என்றார் அண்ணன். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அவர் சொன்ன முதல் வார்த்தை. காளைகளை இருவருமாகத்தான் வீட்டுக்கு ஓட்டிப் போனோம். பால் பண்ணை எழுந்தது அதற்குப் பிறகுதான். பாறைக் கிணற்றில் எனக்கு எதிர்ப்பக்கம் கடப்பாறை பிடித்ததும் அவர்தான். மறு வாரம் தரகர் வந்து, விற்காத மாட்டுக்கு இரண்டு பக்கமும் தரகு வாங்கிக்கொண்டு போனார். அந்தக் காளைதான் அண்ணன் தம்பியைச் சேர்த்து வைத்தது என்று ஊரெல்லாம் பேச்சு. உங்கள் வேலைக்குக் காளைக்குப் பேர் போகிறதே என்று கேட்டேன். "மாட்டுக்குப் பேரு வந்தா நல்லதுதானுங்க, வெல ஏறுமில்ல" என்றார். அவர் போய்ச் சேர்ந்து பல காலம் ஆகிறது. துண்டு அன்றிலிருந்து என்னிடம்தான் இருக்கிறது.

அந்தத் துண்டை எடுத்து வந்து மேசை மேல் போட்டேன். இவன்தான் என் மந்திரவாதி, பேர் துண்டுக்காரன் என்றேன்.

"அவனால என்னப்பா முடியும்?"

"ஒன்னும் முடியாது. நெருப்பு வராது, பறக்க மாட்டான். மூஞ்சி கூட யாருக்கும் ஞாபகம் இருக்காது."

மேசையே சிரித்தது. கதையில் அன்றைக்கு ஓர் ஆறு. இரு கரையிலும் இரண்டு பாறைப் பூதங்கள், ஒன்றின் மேல் ஒன்று கல்லெறிந்துகொண்டே இருக்கும். யாரும் கடக்க முடியாது. நெருப்பு மந்திரவாதி எரித்துப் பார்த்தான், பனி மந்திரவாதி உறைய வைத்துப் பார்த்தான், பகடை இருவரையும் கவிழ்த்தது. என் முறை. இரண்டு பூதமும் மகள்தானே, அவளுடைய இரண்டு கையையும் கேட்டேன். பகடை உருட்டியே ஆக வேண்டும் என்றாள். துண்டுக்குள் உருட்டு, உனக்கும் எனக்கும் தெரிந்தால் போதும் என்றேன். துண்டைத் தூக்கி இருவரும் எட்டிப் பார்த்தோம். என்ன விழுந்தது என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லப் போவதில்லை. பிறகு அவள் இரு கையையும் பிடித்தேன், மெல்ல நடுவுக்குக் கொண்டு வந்தேன், என் கையை உருவிக்கொண்டேன். துண்டுக்கடியில் அவள் கையை அவளே பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"பூதங்க கல்லக் கீழ போட்டுருச்சு" என்றாள்.

அன்றிலிருந்து துண்டுக்காரன் இல்லாமல் ஆட்டம் இல்லை. மந்திரம் பலித்ததும் கதையில் எல்லாரும் அவனை மறந்துவிட வேண்டும் என்ற விதியையும் நான்தான் போட்டேன். இப்போது புத்தகம் அச்சுக்குப் போகிறது. கணினியில் காட்டினாள். மற்ற மந்திரவாதிகளுக்குக் கீழே உண்டாக்கியவர் பேர் இருக்கிறது. துண்டுக்காரனுக்குக் கீழே மட்டும், "தர்மபுரி வட்டாரச் சந்தை வழக்கம்" என்று போட்டிருக்கிறாள். துண்டு எல்லாருக்கும் பொதுதானே அப்பா என்கிறாள். துண்டு பொதுதான். சந்தையில் நூறு பேர் தோளில் துண்டு கிடந்தது. அதற்குள்ளிருந்து கையை உருவிக்கொண்டவர் ஒருவர்தான்.

மறக்கப்படுவது கதைக்குள்ளே இருக்கிற விதி. அட்டைக்கு வெளியே அது செல்லாது. தரகர் வாய் திறந்து கேட்காத ஆள், அதனால்தான் பேர் காளைக்குப் போனது. நான் அப்படி இல்லை. துண்டு இப்போதும் அந்த மேசை மேல்தான் இருக்கிறது. அதை எடுக்காமல், எல்லார் காதிலும் விழும்படி கேட்கிறேன். அவர் கையை எடுத்தார், நான் கையை விடவில்லை. இரண்டும் சேர்ந்தால்தான் அந்த மந்திரம். அவர் பேரை மேலே போடுங்கள். அடுத்த வரியில், அதே அளவு எழுத்தில், என் பேரைப் போடுங்கள்.