பெயரா, அணிலா

தெலுங்கும் இந்தியும் பேசும் லோத்குண்டாவில் நானும் என் நாத்தனாரும் சேர்ந்து முறுக்கு போட்டு விற்கிறோம். பாக்கெட்டில் 'மொறுமொறு' என்ற பெயரும், இரண்டு கையாலும் முறுக்கைப் பிடித்திருக்கும் அணில் படமும் இருக்கும். பெயர் நான் வைத்தது. படம் அவள் வரைந்தது.

ஒருநாள் திருமுல்கேரிக் கடை ஒன்றில் 'மொறுமொறு' என்றே வேறு யாருடைய பாக்கெட்டோ தொங்கியது. அதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேலை பாதியில் கிடக்க, இருவரும் டிரேட்மார்க் வக்கீலைப் பார்க்கப் போனோம்.

பெயரை மட்டும் பதியலாம், படத்தை மட்டும் பதியலாம், இரண்டையும் சேர்த்து ஒரே முத்திரையாகவும் பதியலாம் என்றார் தெலுங்கில். பிறகு பெயருக்கு அர்த்தம் கேட்டார். சொன்னதும் உதட்டைப் பிதுக்கினார். பண்டத்தின் குணத்தைச் சொல்லும் வார்த்தையை ஒருவருக்கே கொடுக்க மாட்டார்களாம்.

பஸ்ஸில் திரும்பும்போது, "பேரை விட்டா நமக்கு என்ன இருக்கு?" என்றேன்.

"நக்கோ அண்ணி, பேரு வேணாம். அந்தப் பேரு இங்க யாருக்குப் புரியுது? அணிலைப் பாத்துதான் எடுக்கறாங்க."

"உன் படம்ங்கறதால சொல்றே."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் போலாரத்தில் சரக்குப் போட்ட கடையிலேயே நின்றுகொண்டேன். கடைக்காரர் இரண்டு முறை என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டார். ராணுவக் குடியிருப்புப் பெண் ஒருத்தி வந்து, "பையா, வோ கிலஹரி வாலா தேனா" என்றாள். அணில் போட்டது! அவர் எங்கள் பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தார். அவளுக்குப் பின்னால் வந்தவர் வாயே திறக்காமல் படத்தைக் காட்டினார். மொறுமொறு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

வெளியே வந்து நாத்தனாருக்குப் போன் செய்தேன். "படத்தையே பதிஞ்சிடலாம்."

"ஹவ்வா அண்ணி, நெஜமாவா? மனசோடதான் சொல்றீங்களா?"

"மனசு கேக்கல. ஆனா அதுதான் சரி."

எந்த நிறத்தில் அச்சிட்டாலும் செல்லும்படி, கறுப்பு வெள்ளையில் விண்ணப்பித்தோம். முடிவு வரும்வரை போனில் நிலவரம் பார்ப்பதே எனக்கு வேலையாக இருந்தது. அணில் பதிவாகிவிட்டது. பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்பது இப்போதும் உறுத்துகிறது.

இப்போது தவிப்பு அவளுக்கு. பதிந்த படத்தை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

"வாலு ஒல்லியா இருக்கு அண்ணி," என்கிறாள், பாக்கெட்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம். "அப்பவே கொஞ்சம் யோசிச்சு வரைஞ்சிருக்கலாம்."