நிழல் விழுந்த பக்கம்

என் போனில் ஒரு படம் இருக்கிறது. பினாங்கில் ஏதோ பழைய கட்டடத்தின் மஞ்சள் சுவர். அதன் முன்னால் என் மகள், பச்சைத் துப்பட்டா, முதுகில் பை. அவள் நிழல் காலடியில் சின்னதாகச் சுருண்டு கிடக்கிறது. போன் மூன்று மாற்றிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் இந்தப் படத்தைப் புதுசில் ஏற்றிக் கொடுத்தால்தான் கடையை விட்டு நகருவேன்.

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லாரி கிளீனராக ஏறி, கடைசியில் மறைமலைநகர் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் சொந்த பஸ் பதினாறு ஓட்டினேன். யார் கையையும் பிடித்து மேலே வரவில்லை. என்னை எந்த டிரைவரும் ஏமாற்ற முடியாது என்று கருங்குழி வரைக்கும் பேர். வண்டி கம்பெனி கேட்டைத் தொட்டதும் டிரைவர் பக்கத்தில் நின்று படம் எடுத்து அனுப்ப வேண்டும், அது என் சட்டம். என்றைக்கோ எடுத்த படத்தை அனுப்பிவிட்டு டீக்கடையில் உட்காருகிறவர்களும் உண்டு. நான் முகத்தைப் பார்க்க மாட்டேன், நிழலைப் பார்ப்பேன். காலை ஷிப்ட் படத்தில் நிழல் நீளாமல் டயருக்கு அடியில் கிடந்தால் ஆள் பொய் சொல்கிறான். இதை எந்தக் காலேஜில் சொல்லித் தருவார்கள்?

மகள் கட்டடக்கலை படித்தாள். வகுப்போடு ஆறு நாள் மலேசியா போக வேண்டும் என்றாள். எங்கள் குடும்பத்தில் பெண்பிள்ளை தனியாகத் தாம்பரம் தாண்டியதில்லை. மேல்படிப்புக்கும் வெளிநாடு போக வேண்டும் என்று ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே நிபந்தனை போட்டேன். நம் ஊர் நேரம் காலை எட்டு, மதியம் ஒன்று, சாயங்காலம் ஐந்து, மூன்று வேளையும் படம் வர வேண்டும், பின்னால் இடம் தெரிய வேண்டும். ஆறு நாளும் ஒழுங்காக வந்தால் மேல்படிப்புக்குக் கையெழுத்து. ஒன்று தப்பினாலும் பேச்சே கிடையாது.

"நான் இன்னா உங்க பஸ்ஸா அத்தா?" என்றாள்.

"பஸ்ஸுன்னா இன்ஷூரன்ஸ் கீது" என்றேன்.

முதல் இரண்டு நாள் படம் நிமிஷம் தப்பாமல் வந்தது. மூன்றாம் நாள் ஐந்து மணிக்கு இந்த மஞ்சள் சுவர் வந்தது. பெருமையாக எங்கள் டைம் கீப்பரிடம் நீட்டினேன். இருபது வருஷமாக என்னோடு இருந்த மனுஷன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "முதலாளி, அங்க இப்ப ஏழரை ஆவுது. இன்னா இது, உச்சி வெயிலு அடிக்குது?" சிரிக்க ஆரம்பித்து, பாதியில் விழுங்கிக்கொண்டார். மகளைக் கூப்பிட்டேன், கூப்பிட்டேன், ஒரு மணி நேரம் எடுக்கவில்லை. எடுத்தபோது காற்று இரைந்தது, பெண்பிள்ளைகள் சிரித்தார்கள்.

"எவன் கத்துக் குடுத்தான்?"

"ஏர்போர்ட்ல வுட்ட நம்ம டிரைவர் அண்ணன்." பிறகு அவளே சொன்னாள்: "ரெண்டு நாளா எனக்கோசரம் எல்லாரும் பஸ்ல காத்துகினு இருந்தாங்க அத்தா. டூட்டி போட்டோ முடிஞ்சிதான்னு கிண்டல் பண்றாங்க. நான் செவுரு தேடினதுதான் மிச்சம். இன்னிக்குத்தான் ஊரப் பாத்தேன்."

"அப்ப மேல்படிப்பு கெடையாது."

"சரி" என்றாள். அழவில்லை, சண்டை போடவில்லை. வேலை வேண்டாம் என்று வண்டிச் சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போகிற டிரைவர் சொல்வது போன்ற சரி.

வீட்டில் சொன்னேன். மனைவி கறி அரிந்துகொண்டே கேட்டாள், "பதினாறு வயசுல லாரி ஏறிப் பூனா போனீங்களே, எத்தினி மாசம் கழிச்சி வூட்டுக்கு சேதி வந்துச்சி? மாமி சாவற வரைக்கும் அதச் சொல்லி அழுதாங்க."

"நான் ஆம்பள."

"லாரிக்கு அது தெரியுமா?"

அவளுக்குக் கத்துக் கொடுத்த டிரைவரை வேலையை விட்டு நிறுத்தவில்லை. நல்ல டிரைவர். எனக்கு எழுத்துக் கூட்டி அடிக்க வராது, அதனால் மகளுக்குப் பேசி அனுப்பினேன்: "படம் வேணாம். வேளைக்குச் சாப்புடு." மீதி மூன்று நாளும் ஒன்றும் வரவில்லை. நாள் முழுக்க வண்டி ஓட்டினாலும் உடம்பு அப்படி ஓய்ந்துபோனதில்லை. அவள் திரும்பி வந்ததும் கேட்ட தாளிலெல்லாம் கையெழுத்துப் போட்டேன், கோணல்மாணலாக.

இப்போது அவள் மேல்படிப்புக்குப் போன நாட்டிலேயே வேலையும் குடும்பமுமாக இருக்கிறாள். பஸ்களை விற்றுவிட்டுத் திருவிடந்தையில் கடலுக்குப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டேன். இரண்டு மாடி. மாடிப்படி ஏறத்தான் முட்டி விடுவதில்லை. காலையும் மாலையும் நடக்க வேண்டும் என்கிறார் டாக்டர். கடல் தெரிகிற மாதிரி இரண்டு வேளையும் படம் அனுப்ப வேண்டும் என்கிறாள் மகள். "நான் இன்னா உன் பஸ்ஸா?" என்றேன். "பஸ்ஸுன்னா ஸ்பேர் பார்ட்ஸ் கெடைக்கும் அத்தா" என்றாள்.

நேற்றுக் காலையிலேயே மணலில் நின்று, சட்டையை மாற்றி, இரண்டு படம் எடுத்தேன். ஒன்றை அப்போதே அனுப்பினேன். மற்றதைக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஐந்து மணிக்கு அனுப்பினேன். உடனே அவள் குரல் வந்தது: "சாயங்காலம் நெழலு கடல் பக்கம் வுழணும் அத்தா. காலு ரொம்ப வலிக்குதா?"

மஞ்சள் சுவர் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷமும் அந்த நிழலைத்தான் பார்த்திருக்கிறேன். விரலால் இழுத்து முகத்தைப் பெரிசாக்கினேன். கண் இரண்டும் வீங்கி, உதடு காய்ந்து, பிள்ளை எவ்வளவு களைத்துப்போய் நிற்கிறாள்.