தங்கை இறங்கிவிட்டாள் என்று சொன்ன பொய்

என் தங்கை ஆஸ்திரேலியாவில் நர்ஸ். பாலைவனத்துக்குள் இருக்கும் சிற்றூர்களுக்குக் குட்டி விமானத்தில் போய் வைத்தியம் பார்ப்பது அவள் வேலை. போன மாசியில் ஒரு காலை, "கெளம்பிட்டேன்ணா, எறங்குனதும் கூப்பிடறேன்" என்று செய்தி அனுப்பியிருந்தாள். கிளம்பும் ஊர், போகும் ஊர் இரண்டின் பெயரையும் போனில் தட்டிப் பார்த்தேன். நானூறு கிலோமீட்டர், பறக்கும் நேரம் ஒரு மணி பத்து நிமிடம் என்றது.

எங்கள் வீட்டில் டவர் சரியாக நிற்காது. மிளகு மூட்டையோடு பஸ் ஏறி, மலைமேல் சந்தை கூடும் ஊரான சோளக்காட்டுக்கு வந்து, வழக்கமாக எங்கள் மிளகை வாங்கும் பாயின் கடையில் உட்கார்ந்துகொண்டேன். சொன்ன நேரம் கடந்தது. கூப்பிட்டால் இணைப்பே கிடைக்கவில்லை. இரண்டு மணி நேரமும் ஆயிற்று.

"ஏனுங்க, மொகமே சரியில்லீங்களே?" என்றார் பாய்.

போனைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"இது பெரிய பிளேனுக்குப் போட்ட கணக்குங்க. நேர்கோட்டுத் தூரம். புளியஞ்சோலை இந்தா, மலைக்குக் கீழதான இருக்குது? பஸ்ஸுல சுத்திப் போனா அரை நாளாகுதில்லீங்களா?"

நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும், சின்ன விமானம் என்று அவள் தயங்கியபோது, "இதுக்கெல்லாம் பயந்தா எப்படி, போ" என்று அனுப்பியவன் நான்தான். அவர் பார்க்காதபோது, அந்தப் பக்கம் விமான விபத்து ஏதும் நடந்ததா என்று தேடினேன். தேடிய விரலை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

வீட்டில் எப்படியோ டவர் கிடைத்து, அந்த நேரம் பார்த்து அம்மா கூப்பிட்டாள்.

"எறங்கிட்டாளா சாமி?"

"எறங்கிட்டாம்மா."

சொல்லிவிட்டேன். ஏதாவது ஆகியிருந்தால் இந்த வாயால் அம்மாவிடம் என்னவென்று சொல்வேன்?

மதியம் தாண்டி ஒரு வழியாகத் தங்கை கூப்பிட்டாள்.

"பாதி வழியில புழுதிக்காத்துண்ணா. ஒரு மாட்டுப்பண்ணை மண்தரையில எறக்கிட்டாங்க. அங்க டவரே இல்ல. காத்து நின்னப்பறம் கெளம்புன எடத்துக்கே திருப்பிக் கூட்டிட்டு வந்துட்டாங்க. பயந்துட்டியா?"

பாய் என் கையிலிருந்து போனை வாங்கி, "உங்கண்ணன் காலைலருந்து பச்சத்தண்ணி கூடக் குடிக்கலம்மா" என்றார்.

"நாளைக்கு மறுபடி போகோணும்ணா" என்று அவள் சொன்னது எனக்கும் கேட்டது. வேண்டாம் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் நடந்ததையெல்லாம் ஒப்புக்கொண்டேன்.

"உங்கொரல்லயே தெரிஞ்சுது கண்ணு" என்றாள். அடுப்பில் காலையில் வைத்த களி அப்படியே இறுகிக் கிடந்தது.

மறுநாள் இரண்டு பேருமாகப் பஸ் ஏறினோம். பாய் கடையில் அம்மா என் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று மணி நேரம் கழித்து அது அடித்தபோது, எடுக்கத் தெரிந்தும் எடுக்காமல் என்னிடம் நீட்டினாள்.

தங்கை இறங்கியிருந்தாள்.